சமத்தும் வாயாடியும்

கேமராவின் மூடியைக் கழற்ற மறந்துவிட்டுப் படம் எடுக்கிற ஆளை நாம் மக்கு என்போம். வேண்டுமென்றே மூடியைப் போட்டு, அது கழன்று விழாதபடி கறுப்பு டேப்பும் ஒட்டி, அதற்குப் பிறகு நிதானமாகப் படம் எடுக்கிற பெண்மணியை என்னவென்று சொல்வது? கேமராவை வாடகைக்கு விடும் அந்தக் கடைக்கு வந்துபோகிற எல்லோரும் அவளை மூடியக்கா என்றார்கள். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. அதில் பத்தொன்பது வருடத்தைக் கடையின் பின்னறையில், ஜன்னலே இல்லாத ஒரு அறையில், இருட்டைப் படம் எடுத்தே கழித்திருந்தாள். அதில் அவளுக்குத் துளியும் வருத்தம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

விஷயம் இதுதான். லென்ஸுக்குப் பின்னால் தபால்தலை அளவில் ஒரு தகடு இருக்கிறது, அதைச் சென்சார் என்பார்கள். அதில் வெளிச்சம் விழுந்தால்தான் படம். வெளிச்சமே விழாவிட்டால் படம் கன்னங்கரேல் என்று இருக்க வேண்டுமல்லவா? இருக்காது. ஐந்து நிமிடம் கும்மிருட்டில் விழித்திருக்கச் சொன்னால் போதும், சூடேறிய சென்சார் தானாகவே சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது மனிதருக்கு மட்டும் சொன்னதில்லை. இந்தப் பொய்ப் புள்ளிகளுக்குத் தொழிலில் இரைச்சல் என்று பெயர். பட்டப்பகலில் குழந்தையையும் பூவையும் எடுக்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இரவு வானத்தை எடுக்கிறவர்களுக்கோ எது நட்சத்திரம், எது சென்சாரின் பிரமை என்று பிரித்துப் பார்ப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும்.

வாடகைக்குப் போய்த் திரும்பி வருகிற கேமராவை ஊதித் துடைத்து, மூடி போட்டு ஒரு இருட்டுப் படம் எடுத்துப் பார்த்து உள்ளே வைப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. ஒரே மாதிரி வேலையைப் பத்தொன்பது வருடம் செய்தால் ஒன்று சலித்துப்போகும், இல்லையென்றால் பித்துப் பிடிக்கும். மூடியக்காவுக்குப் பிடித்தது இரண்டாவது. ஒவ்வொரு சென்சாருக்கும் இரைச்சல் புள்ளி எங்கெங்கே விழும் என்று அவளுக்கு மனப்பாடம். ஒருமுறை கல்யாணப் படம் எடுக்கிற இரண்டு பேர் ஒரே மாதிரிக் கேமராவை மாற்றி எடுத்துக்கொண்டு போய், இது என்னுது, அது உன்னுது என்று கடை வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மூடியக்கா இரண்டையும் வாங்கி, மூடி போட்டு, ஆளுக்கு ஒரு படம் எடுத்தாள். "உங்களுக்கு இடது மூலையில ரெண்டு சிவப்பு மச்சம். உங்களுக்கு நடுவுல ஒரு நீல மச்சம். வாங்கிட்டுப் போங்க" என்று கொடுத்து அனுப்பினாள். அவர்கள் போன பிறகு அரைமணி நேரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு மதிப்பு ஏறியது. புதுக் கேமரா எது வந்தாலும் வானத்தைப் படம் எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, "மூடியக்கா என்ன சொன்னாங்க?" என்றுதான். வருடத்துக்கு ஒருமுறை, புதிதாக வந்தவற்றை ஒப்பிட்டு, ஒரே ஒரு பக்கத்தில் அவள் தன் முடிவை எழுதுவாள். கடைக்காரர் அதை அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டுவார். மூடியக்கா தீர்ப்பு என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. அதுவரை ஒரு தீர்ப்பும் பொய்த்ததில்லை. அந்தப் பக்கத்தைத் தவிர உலகத்தில் தனக்கென்று ஒரு சொத்தும் இல்லை என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

வீட்டில் மூன்று பேர். கணவர் தையற்காரர், முன்னறையிலேயே மெஷின் போட்டிருந்தார். அவர் பேசுவது அபூர்வம். வாயில் எப்போதும் நான்கு குண்டூசி இருக்கும் என்பதால் அது பழக்கமா, பாதுகாப்பா என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது ஆள் அவருடைய அக்கா, அதாவது மூடியக்காவின் நாத்தனார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தம்பி பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

அந்த வருடம் ஒப்பிட வேண்டியிருந்தது இரண்டே இரண்டு கேமரா. இரண்டும் புதிது, இரண்டும் இருட்டில் எடுப்பதற்கென்றே செய்த சென்சார், இரண்டுமே தன்னைப் போல் உண்டா என்று பெட்டி மேல் பீற்றிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இரண்டையும் அவள் கையில் கொடுத்து, "ரெண்டு வாரம் வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்கக்கா. நட்சத்திரக் குழுவுக்கு ஒண்ணு வாங்கணும்னு பல் டாக்டர் துடிச்சிட்டிருக்கார். ரெண்டாவது சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் வர்றாங்க. தீர்ப்பை நீங்களே நின்னு படிக்கணும்" என்றார்.

பல் டாக்டர் என்பவர் நட்சத்திரக் குழுவின் தலைவர். பகலெல்லாம் பிறர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு இரவெல்லாம் வானத்தைப் பார்க்கிற மனிதர். எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மூடியக்கா இரண்டு கேமராவையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோதே சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

சூடு ஏறினால் இரைச்சல் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். ஆகவே சோதனை குளிரிலும் நடக்க வேண்டும். வீட்டில் குளிர் எங்கே இருக்கிறது? ஃபிரிட்ஜில். தக்காளியை ஒதுக்கி, பாலைக் கீழே இறக்கி, ஈரம் பிடிக்காதபடி பையில் போட்டுக் கட்டிய இரண்டு கேமராவையும் நடுத்தட்டில் குடிவைத்தாள். நாத்தனார் முட்டை எடுக்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"ஏம்மா, முட்டை வச்ச இடத்துல என்னமோ என்னை முறைச்சுப் பார்க்குது."

"அது பார்க்காது அண்ணி, மூடி போட்டிருக்கு."

"நான் முட்டையை எங்கேம்மா தேடுறது?"

"காய்கறி டப்பாவுல. இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் கதவைத் திறக்காதீங்க அண்ணி, படம் ஓடிட்டிருக்கு."

நாத்தனார் ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜ் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டினார், ஆனாலும் கதவைத் திறக்கவில்லை. அவர் சுபாவம் அது.

நான்கு நாளில் இரண்டு கேமராவின் குணமும் பிடிபட்டது. ஒன்று எவ்வளவு நேரம் இருட்டில் வைத்தாலும் கப்சிப். ஐந்து நிமிடம் விழித்திருக்க வைத்தாலும் படம் மை பூசியது மாதிரி சுத்தம். மூடியக்கா அதற்குச் சமத்து என்று பெயர் வைத்தாள். மற்றது அப்படியில்லை. ஃபிரிட்ஜுக்குள் கொஞ்சம் அடங்கியது, வெளியே எடுத்த மாத்திரத்தில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பொரிந்து தள்ளியது. அதற்கு வாயாடி என்று பெயர். இப்படி ஒரு சுத்தமான சென்சாரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சமத்தைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஒரே ஒரு குறை. வானம் மூடிக் கிடந்தது. பதினொரு நாளாக ஒரு நட்சத்திரம்கூடக் கண்ணில் படவில்லை. அதனால் என்ன, நமக்கு இருட்டுப் படம் போதுமே என்று அவள் நினைத்தாள். பத்தொன்பது வருடமாக அதுதானே போதுமாக இருந்தது. புதன்கிழமை கடைக்குப் போனபோது சந்தோஷம் தாங்காமல் வாயை விட்டுவிட்டாள்.

"சந்தேகமே இல்ல. சமத்துதான். நிறைகுடம் தளும்பாது!"

சொன்னது கடைக்காரரிடம் மட்டும்தான். ஆனால் கடைக்காரர் வாயில் ஒன்று விழுந்தால் தண்டோரா போட்ட மாதிரி. சாயங்காலத்துக்குள் நட்சத்திரக் குழு முழுக்கச் சேதி பரவி, பல் டாக்டர் போன் செய்து வாழ்த்தும் சொல்லிவிட்டார். கடைக்காரருக்கு அடுத்த கவலை பிடித்தது.

"அக்கா, சனிக்கிழமை பெரிய திரையில என்ன காட்டப் போறீங்க?"

"இருட்டுப் படம்தான்."

"அய்யோ அக்கா, நாற்பது பேரை உட்கார வச்சுக் கறுப்புத் திரையைக் காட்டினா கரண்ட் போச்சுன்னு எழுந்து போயிடுவாங்க. நட்சத்திரம் மாதிரி ஏதாவது ஒரு படம் வேணும்."

வானம் திறக்காது, நட்சத்திரத்துக்கு எங்கே போவது? வீட்டுக்கு வந்து புலம்பினாள். தையற்காரர் குண்டூசிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு பை தைத்து மிஞ்சிய கறுப்பு ரெக்சினை விரித்தார். துணியில் போட்ட ஓட்டை மூடிக்கொள்ளும், ரெக்சினில் போட்டது போட்டபடி நிற்கும். மறுநாள் காலை மூடியக்கா எழுந்து வந்தபோது கூடத்து ஜன்னல் முழுக்க ரெக்சின் டேப் போட்டு ஒட்டியிருந்தது. வெளியே இருந்த மந்தமான பகல் வெளிச்சம் ஊசி ஓட்டைகள் வழியாக உள்ளே வந்து, இருட்டறைக்குள் ஒரு வானமே நின்றது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "என்னங்க இது!" என்றாள்.

"இருநூத்தி பன்னெண்டு" என்றார் தையற்காரர். அவ்வளவுதான் பேச்சு.

சமத்தைக் கூடத்தின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, இடையில் இருந்த நாற்காலிகளை எல்லாம் ஒதுக்கி, நாத்தனாரைச் சமையலறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று கெஞ்சி, ஒரு நிமிடப் படம் ஒன்று எடுத்தாள். கம்ப்யூட்டரில் போட்டால் கண்ணைப் பறித்தது. கறுப்பு அத்தனை கறுப்பு, வெள்ளை அத்தனை வெள்ளை, ஒரு பொய்ப் புள்ளி கிடையாது. அவள் கைதட்டிக் குதித்தாள். தையற்காரர் பின்னால் வந்து நின்று வெகுநேரம் படத்தைப் பார்த்தார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"நாற்பத்தொண்ணு காணோம்" என்றார்.

"என்னது?"

"நூத்தி எழுபத்தொண்ணுதான் இருக்கு. நாற்பத்தொண்ணு காணோம்."

"நீங்க எண்ணினது தப்பியிருக்கும்ங்க" என்றாள் மூடியக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொல்லியிருக்கக் கூடாது. பட்டன் எண்ணி, காஜா எண்ணி, நூல் கண்டு எண்ணிப் பிழைக்கிற மனிதரிடம் சொல்லக்கூடாத ஒரே சொல் அது. அந்த வீட்டில் இருபத்தாறு வருடமாகக் கேட்காத ஒரு சத்தம் கேட்டது.

"யார் எண்ணினது தப்பு? நான் எண்ணினதா? தடி ஊசியில நூறு! நடு ஊசியில எழுபத்தொண்ணு! பட்டு தைக்கிற பொடி ஊசியில நாற்பத்தொண்ணு! கூட்டிப் பாரு! உன் மெஷினுக்கு எண்ணத் தெரியலேன்னா என்னைச் சொல்லாத!"

சமையலறையிலிருந்து நாத்தனார் கரண்டியோடு ஓடி வந்தார். "யாரு கத்தினது? தம்பியா? என் தம்பியா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு காட்சியை விட்டுவிட்டு யார் அடுப்பைப் பார்ப்பார்கள்?

மூடியக்காவின் காதில் கத்தல் விழவில்லை, கணக்குதான் விழுந்தது. நூறும் எழுபத்தொன்றும் நூற்று எழுபத்தொன்று. காணாமல் போனது நாற்பத்தொன்று. காணாமல் போனது அத்தனையும் பொடி ஊசியா? தையற்காரர் அவளை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போய், "இது பொடி, படத்துல இருக்கா பாரு. இது பொடி, இருக்கா பாரு" என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். ஓட்டை இருந்தது, வெளிச்சம் வந்தது, படத்தில் மட்டும் இல்லை.

அவள் வாயாடியை எடுத்துவந்து அதே மூலையில் நிறுத்தி அதே படத்தை எடுத்தாள். வழக்கம்போல ஒரே இரைச்சல். பிறகு மூடி போட்டு இன்னொன்று எடுத்தாள். மூடி போட்ட படத்தில் இருப்பதெல்லாம் பொய், ஆகவே முதல் படத்திலிருந்து அதைக் கழித்துவிட்டால் மிச்சம் உண்மை. கழித்தாள். எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. சமத்து இரைச்சலே போடாத சென்சார் இல்லை. அதுவும் மற்றதைப் போலத்தான் போடுகிறது. ஆனால் படத்தைக் கொடுப்பதற்கு முன்னால், தனியாக மினுக்குகிற பொடிப் புள்ளி எது கண்ணில் பட்டாலும் இரைச்சல் என்று நினைத்து உள்ளுக்குள்ளேயே விழுங்கிவிடுகிறது. மூடி போட்டிருக்கும்போது விழுங்கியது அத்தனையும் பொய். மூடியைக் கழற்றினால் விழுங்குவது நட்சத்திரம். மூடி போட்டே சோதிக்கிற ஆளுக்கு இது எந்த ஜென்மத்திலும் தெரியப்போவதில்லை. வேறு யாராவது என்றால் முதல் நாளே மூடியைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள். இந்தத் தப்பைச் செய்ய மூடியக்காவால்தான் முடியும்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் நாத்தனார், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

மூடியக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் புதன்கிழமை சொன்னது உறைத்தது. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதே! இதுவரை ஒன்றுகூடப் பொய்க்காத தீர்ப்பாயிற்றே! பிறகு நட்சத்திரம் தின்கிற கேமராவை இரண்டு வாரம் கன்னத்தில் வைத்துக் கொஞ்சியது நினைவுக்கு வந்தது. சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்க அதிகமானது. நாத்தனாரும் சேர்ந்துகொண்டார். கோபம் ஆறாத தையற்காரர் மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் உதடு கோணியது.

வெள்ளிக்கிழமை கடைக்காரரிடம் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, பல் டாக்டர்கிட்ட சமத்துன்னு சொல்லியாச்சு. இப்ப மாத்திப் பேசினா இனிமே உங்க தீர்ப்பை யாரு மதிப்பாங்க? பொடி நட்சத்திரம்தானே, யாரு கண்டுபிடிக்கப் போறா?"

அதை அவளும் வரும் வழியிலேயே யோசித்துவிட்டாள். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இல்லாத நட்சத்திரத்தை இல்லை என்று யார் வந்து புகார் கொடுப்பார்கள்? பேசாமல் இருந்தால் பெயர் தப்பும். பேசினால் பத்தொன்பது வருடப் பெயர் ஒரே மத்தியானத்தில் போய்விடலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்பத்தொன்றைக் கணவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாரே, அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க அவளால் முடியவில்லை.

"நாளைக்கு நான் பேசுறேன் முதலாளி. நீங்க திரையை மட்டும் கட்டுங்க."

சனிக்கிழமை மத்தியானம் கடையில் எள் போட்டால் எள் விழாது. தையற்காரர் ரெக்சினைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நாத்தனாரும் வந்திருந்தார். நீங்கள் எதற்கு அண்ணி என்றதற்கு, "ரெண்டு வாரம் என் முட்டையை இடம் மாத்தினதுக்கு முடிவு தெரிய வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு முன்வரிசையில் இடம் பிடித்தார்.

மூடியக்கா எழுந்து நின்றாள்.

"புதன்கிழமை நான் சொன்னது தப்பு. சமத்து வேண்டாம், அது நட்சத்திரத்தைத் தின்னுது. நான் மூடி போட்டே பார்த்ததால ஏமாந்துட்டேன். வாயாடிதான் நல்லது. அதோட இரைச்சலை நாம அப்புறமாக் கழிச்சுக்கலாம். விழுங்கின நட்சத்திரத்தை யாராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது."

சலசலப்பு எழுந்தது. அவள் இரண்டு படத்தையும் திரையில் காட்டினாள். நூற்று எழுபத்தொன்று, இருநூற்றுப் பன்னிரண்டு. பல் டாக்டர் எழுந்தார்.

"ஒரு நிமிஷம்மா. ஓட்டை இருநூத்தி பன்னெண்டுன்னு யார் சொன்னது?"

"எங்க வீட்டுக்காரர்."

"தப்பா நினைக்காதீங்க, ஆனா கையால குத்தினது. எண்ணிப் பார்த்துடலாமே?"

எண்ணிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ரெக்சினை விளக்குக்கு முன்னால் பிடித்தார்கள். பல் டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சொத்தைப் பல் தேடுகிற அதே சிரத்தையோடு, வரிசை வரிசையாகச் சாக்பீஸால் குறி போட்டு எண்ணினார். கடை முழுக்க அவரோடு சேர்ந்து எண்ணியது. இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பதினொன்று. இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லோரும் கைதட்டப் போனார்கள்.

"இருநூத்தி பதிமூணு" என்றார் பல் டாக்டர்.

கைதட்டத் தூக்கிய கைகள் இறங்கின. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ," என்றார் பல் டாக்டர், வருத்தத்தோடுதான், "ஒண்ணு உங்க வீட்டுக்காரர் எண்ணினது தப்பு. இல்லேன்னா உங்க வாயாடியும் ஒண்ணை முழுங்கியிருக்கு. எப்படிப் பார்த்தாலும் இந்தத் தீர்ப்பு நிக்காதும்மா."

தையற்காரர் முகம் சுண்டிப்போயிற்று. அவர் மூடியக்காவைப் பார்த்தார். வியாழக்கிழமை கேட்ட அதே சொல் மறுபடி வரும், இந்த முறை நாற்பது பேர் முன்னால் வரும் என்று அவர் எதிர்பார்த்து நின்றது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"அவர் எண்ணினது இருநூத்தி பன்னெண்டுன்னா இருநூத்தி பன்னெண்டுதான்" என்றாள் மூடியக்கா. "அந்த ஒண்ணு அவர் குத்தினது இல்ல."

"எதை வச்சும்மா சொல்றீங்க?"

"ஒண்ணையும் வச்சு இல்ல டாக்டர். அவர் சொன்னதை வச்சுதான் சொல்றேன். இதுக்கு மேல என் தீர்ப்பை ஏத்துக்கறதும் கிழிச்சுப் போடுறதும் உங்க இஷ்டம்."

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"அது நான் குத்தினதுங்க" என்றார் நாத்தனார்.

நாற்பது தலையும் திரும்பியது.

"இன்னைக்குக் காலையில சுருட்டி வைக்கும்போது குத்தினேன். ஹேர்பின்னால. ஆளாளுக்கு வானம் செய்யறாங்க, நட்சத்திரம் எண்ணுறாங்க, ரெண்டு வாரமா ஃபிரிட்ஜுக்குக் காவல் இருந்தவளுக்கு ஒண்ணு வேண்டாமா? கீழ் ஓரத்துல பாருங்க, என்னுது அது."

தையற்காரர் ஒரே தாவலில் ரெக்சினிடம் போனார். கீழ் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"நீள ஓட்டை! ஊசி வட்டமாப் போடும், இது நீளமா இருக்கு! ஊசி இல்ல இது, ஹேர்பின்!" என்று கடை அதிரக் கத்தினார்.

முதலில் சிரித்தது பல் டாக்டர்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு யார் சிரித்தார்கள், யார் கைதட்டினார்கள் என்று சொல்ல முடியாது. வாயாடியைத் தூக்கிக்கொண்டுதான் குழு கிளம்பியது. படியிறங்குகிற நேரத்தில் பல் டாக்டர் திரும்பி வந்து, "அடுத்த வருஷத் தீர்ப்பை எழுதும்போது எங்கே ஏமாந்தீங்கன்னும் கீழே எழுதிடுங்கம்மா. எனக்கு அதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் அந்த வருடத் தீர்ப்பையே அப்படி அச்சடித்து, பசை காய்வதற்குள் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். நாத்தனார் தன் நட்சத்திரமும் அதில் குறிப்பிடப்பட வேண்டும் என்று சண்டை போட்டு ஒரு வரி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது நாத்தனார் முன்னால் போனார். தையற்காரர் ரெக்சினைத் தோளில் வைத்துக்கொண்டு அவளோடு வந்தார்.

"இருநூத்தி பதிமூணுன்னு டாக்டர் சொன்னப்போ..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சேன்." நடையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "உனக்கு எப்படி வரல?"

மூடியக்கா சரிந்த ரெக்சினை அவர் தோளில் நேராக்கிவிட்டாள். அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. தெரு முனையில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்க, இரண்டு பேரும் மூச்சு வாங்கும்வரை சிரித்தார்கள்.